தேவதாஸ் வேண்டாமென்ற சுவர்

ஊரெல்லாம் ஜப்பானியரின் வாளுக்கு அஞ்சிக் கிடந்த ஆண்டில், மலாக்கா காஜா பேராங்கில் கருணாகரனின் நிம்மதியைக் கெடுத்தது ஓர் ஆறடிச் சுவர். அது பக்கத்து வீட்டுச் சுவர். அதைக் கட்டியவர் பெயர் தேவதாஸ்.

வெள்ளையர் ஆட்சியில் கருணாகரன் சாலைத் துறை ஓவர்சியராக இருந்தவர். மேட்டை வெட்டிச் சாலை போட்ட இடங்களில் எது நிற்கும், எது சரியும், எங்கே தாங்குசுவர் வேண்டும், எங்கே ஒரு வாய்க்கால் போதும் என்று இருபத்திரண்டு ஆண்டுகள் சொன்னவர். அவர் விரல் நீட்டிய இடத்தில் சுவர் எழுந்தது. அவர் தலையசைத்த இடத்தில் ஒரு கல்லும் அசையவில்லை. பிறகு ஒரு நாள் துரைமார்கள் மூட்டை கட்டினார்கள். அவர்களோடு அந்த விரலின் வலிமையும் கப்பலேறிவிட்டது. மிச்சமிருந்தது ஒரு காக்கிச் சட்டை. அதுவும் மரவள்ளிக் கொல்லையில் மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருந்தது.

தேவதாஸ் யார்? அதே சாலைகளில் கூடை சுமந்தவர். பின்னர் கல் அடுக்கக் கற்றுக் கொத்தனாரானவர். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கருணாகரனின் முன்னால் நின்றவர். தாழ்ந்த சாதி என்று ஊர் ஒட்டிய முத்திரையைக் கிழித்தெறிய அவருடைய தகப்பனார் தேவாலயத்தின் படியேறினார், பெயர் மாறியது. ஆனால் வேலைத்தலத்தில் தேவதாஸ் தண்ணீர் குடிக்கவென்று தனியே வைத்த கொட்டாங்குச்சி மாறவில்லை. கடல் கடந்து வந்தும் கூடவே வந்து சேர்ந்த கொடுமை அது! கல்லைத் தொட்ட கை மேன்மையானது, அந்தக் கையைத் தொட்டால் தீட்டு என்று சொன்ன அறிவாளிகளின் வரிசையில் கருணாகரனும் இருந்தார்.

காலம் புரண்டது. ஜப்பானியருக்குக் கல் அடுக்கும் கை தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் கை தேவைப்படவில்லை. தேவதாசுக்கு வேலை கிடைத்தது. கூலி அரிசியாகவும் உப்பாகவும் வந்தது. கருணாகரனின் வீட்டில் காலையும் மாலையும் மரவள்ளி வெந்தது.

அந்த வரிசை வீடுகளின் பின்னால் நீளமாக ஒரு மண்மேடு. உணவுப் பயிர் நட வேண்டும் என்று ஆணை வந்தபோது மேட்டின் பெரும்பகுதியில் மரங்களை வெட்டிக் கிழங்கு நட்டார்கள். தேவதாசின் வீடு மேட்டுக்கு நாலடி தூரத்தில், செங்குத்தான சரிவின் அடியில் இருந்தது. போன மழையில் சேறு அவருடைய அடுப்படி வாசல்வரை வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் புக்கிட் பாருவில் இடிந்து கிடந்த ரப்பர்ப் புகைக்கூடத்தின் செம்புரைக்கற்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து, வேலை முடிந்த மாலைகளில் மனைவியும் தானுமாக இரண்டு மாதத்தில் சுவரை எழுப்பினார்.

காலை வெயில் பட்டதும் அந்தச் சுவர் சிவந்து எரியும். கருணாகரனின் வயிறும் எரியும்.

ஒரு நாள் அவர் வேலியோரம் நின்று குறை தேடினார். கற்களின் இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் மாறி மாறி விழுந்திருக்கின்றனவா? விழுந்திருந்தன. சுவர் மேட்டின் பக்கம் சற்றே சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தது. உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியேற வழியுண்டா? மூன்று முழத்துக்கு ஒன்றாக மூங்கில் குழாய் செருகியிருந்தது. குறை தேடிப் போன கண் வெறுங்கையோடு திரும்புவதைப் போன்ற வேதனை உலகில் வேறில்லை. ஒரு கல், ஒரே ஒரு கல் கோணலாக இருந்திருந்தால் அன்றைக்கு அவர் கிழங்கை ருசித்துத் தின்றிருப்பார்.

"என்ன ஓவர்சியரே, தாஸு சுவத்துக்குத் திருஷ்டி கழிக்கிறீங்களா?"

மூன்றாவது வீட்டுச் சொக்கப்பன் குரல். செட்டியார்களின் வட்டிக்கடையான கிட்டங்கி ஒன்றில் வேலை பார்த்தவர், அதனால் ஊருக்கு அவரும் செட்டியார். கிட்டங்கி மூடியபின் வாய் மட்டும் மூடாதவர்.

"சுவரு நல்லாத்தான் இருக்கு. கோட்டை மாதிரி. உள்ளே ராஜா யாரு, மரவள்ளிக் கிழங்கா?" என்றார் கருணாகரன்.

"கிழங்கு இல்லங்க. அவன் பொண்டாட்டி, புள்ளைங்க. நானும் என் வீட்டுக்கு வந்து பாருன்னு கூப்பிட்டேன். பாத்துட்டு, 'வேண்டாம் செட்டியாரே, உங்க மேடு நிக்கும்'னுட்டான். காசு பாக்க வேண்டியவன் வேண்டாங்கிறான் பாருங்க! ஆமா, உங்க வீட்டுக்கு எப்போ?"

"என் வீட்டுக்கு நான் பாத்துக்குவேன்."

"அதுவும் சரிதான். ஊரு மேட்டையெல்லாம் பாத்தவரு" என்று சிரித்துக்கொண்டே போனார் சொக்கப்பன். அந்தச் சிரிப்பு கருணாகரனின் முதுகில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்தது.

வீட்டில் மனைவி சந்திரமதி காத்திருந்தார். மகள் பாக்கியலட்சுமிக்கு எட்டாம் மாதம். மருமகன் தியாகுவைச் சயாம் ரயில் வேலைக்கென்று பிடித்துப் போய் ஆறு மாதம். ஒரு வரி இல்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சோறு போட வேண்டுமென்று, தன் இரண்டு பட்டுச் சேலைகளைக் கொடுத்து நாலு கந்தாங் அரிசி அளந்து வாங்கி, மண்பானையில் வேப்பிலையோடு மூடி வைத்திருந்தார் சந்திரமதி. பசித்த நாள்களிலும் அந்தப் பானையின் மூடி திறக்கப்படவில்லை.

"என்னங்க, மழை தொடங்கிடுச்சு. பாக்கியம் பின்னறையில படுக்கிறா. நமக்கும் ஒரு சுவரு வேணுமான்னு கொஞ்சம் பாருங்களேன். நீங்க பாக்காத மேடா?"

கடைசி வார்த்தையில் கருணாகரன் நிமிர்ந்தார். இரண்டு ஆண்டாக யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது.

மறுநாள் விடிந்ததும் கோலும் தூக்குநூலும் எடுத்துக்கொண்டு மேடேறினார். உச்சியில் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார், இல்லை. தென்னைகள் வீட்டுப் பக்கம் சாய்கின்றனவா என்று நூல் பிடித்தார்; நேராக நின்றன. அடியில் கசியும் தண்ணீரைக் கையில் ஏந்தினார். தெளிந்திருந்தது, மண் கரையவில்லை. மேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருபதடி. சரிவோ ஏறுவோருக்கு மூச்சு வாங்காத சரிவு. அதன் பாதத்தில் அடர்ந்த மூங்கில் புதர் வேர்களால் மண்ணைக் கட்டிப் பிடித்திருந்தது. முப்பது ஆண்டு மழை பார்த்த மேடு. சுவர் தேவையில்லை, உச்சியில் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஒதுக்கினால் போதும்.

தீர்ப்பு கிடைத்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது என்றும் முடிவு செய்தார். முதலில் சற்று மௌனம். பிறகு வெடிப்பு, தென்னை, தண்ணீர். கடைசியில், "வேண்டாம் சந்திரா." பழைய நாளில் துரைக்கே அப்படித்தான் சொல்வார். மனம் மலர இறங்கி வந்தார்.

கொல்லைப்புறத்தில் தேவதாஸ் முக்காலியில் உட்கார்ந்து, கருணாகரனின் பீங்கான் குவளையில் வறக்காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க" என்றார் சந்திரமதி. "தாஸ் தம்பி வேலிப் பக்கம் நின்னாரு, நாந்தான் கூப்பிட்டுக் கேட்டேன். நமக்குச் சுவரே வேண்டாமாம்! இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு."

தேவதாஸ் எழுந்தார். "ஆமாங்கய்யா. மேடு இருபதடி தள்ளி நிக்குது. மூங்கில் புடிச்சிருக்கு. மேல ஒரு வாய்க்கா வெட்டிவிட்டாப் போதும். ஐயாவுக்குத் தெரியாததா?"

வெடிப்பு, தென்னை, தண்ணீர் எல்லாம் சொல்லப்படாமலே வீணாயின. அவர் சொல்ல வேண்டிய சொல்லை, அவர் குவளையில் குடித்தபடி, அவர் மனைவிக்கு வேறொருவர் சொல்லிவிட்டார். அந்த அம்மையாரின் முகத்திலிருந்த ஆறுதல், அவருக்குச் சேர வேண்டிய ஆறுதல், பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. கணவன் மேடேறித் திரும்பும்வரை பொறுக்காத மனைவி! கொட்டாங்குச்சியிலிருந்து குவளைக்கு வந்துவிட்ட கொத்தன்!

"எதை வச்சுடா சொல்றே?" என்றார்.

"பாத்துத்தாங்கய்யா."

"வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தே. நான் மேல ஏறிப் பாத்துட்டு வரேன். சுவரு வேணும்."

சந்திரமதியின் முகம் வெளுத்தது. "வேணுமா?"

"வேணும். ஏழடி."

"ஐயா, ஏழடி சுவரு இந்த மேட்டுக்கு..."

"உன் வீட்டுக்கு வேணும், என் வீட்டுக்கு வேண்டாமா? ஊருல நீ ஒருத்தன்தான் சுவரு வச்சிருக்கணுமோ?"

"என் வீடு நாலடியில இருக்குங்கய்யா. இல்லாட்டி எனக்கு மட்டும் முதுகு வலிக்கணும்னு வேண்டுதலா?" தேவதாஸ் சிரிக்க முயன்றார். யாரும் கூடச் சிரிக்காததால் குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

பொறாமைக்கு ஒரு விந்தையான வலிமை உண்டு. அது பொய்யைச் சுமந்து வருவதில்லை. உண்மை எதிரியின் வாயிலிருந்து வந்தால் அந்த உண்மையையே பகையாக்கிவிடும். கருணாகரன் அறியாமையால் தவறு செய்யவில்லை. மேடு நிற்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதைத் தேவதாஸ் சொல்லிவிட்டார் என்பதும் தெரியும். இரண்டாவது அறிவு முதல் அறிவைக் கழுத்தை நெரித்துக் கொன்றது.

அன்று மாலையே அவர் அரிசிப் பானையின் மூடியைத் திறந்தார்.

"அது பாக்கியத்துக்கு வச்சதுங்க!" சந்திரமதி பானையைக் கட்டிக்கொண்டார். "புள்ளை பெத்தவளுக்கு மரவள்ளியையா வேக வச்சுக் குடுப்பேன்? பால் ஊறுமா?"

"மேடு வந்து மேல விழுந்தா பாலு யாருக்கு, சோறு யாருக்கு? அவ உசுருக்குத்தான் கட்டுறேன்."

பாக்கியலட்சுமி கதவோரம் நின்று, "விடும்மா. அப்பாவுக்குத் தெரியாதா?" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் அவர் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பாதி அரிசி செங் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு வண்டிக் கல்லுக்குப் போனது. மீதிப் பாதி இரண்டு கூலியாட்களுக்குப் போனது.

சுவர் கட்ட வேண்டுமானால் முதலில் மேட்டின் அடியை வெட்டி அடித்தளம் எடுக்க வேண்டும். அந்த அடிமண்தான் மேலே உள்ள பாரத்தையெல்லாம் தாங்கி நிற்பது. ஆகவே முழு நீளத்தையும் ஒரேயடியாக வெட்டக் கூடாது. ஒரு பாகம் வெட்டி, அதைக் கட்டி முடித்த பிறகே அடுத்த பாகத்தில் கை வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கையே வைக்கக் கூடாது. இந்த விதியை மீறிய ஆட்களுக்குக் கருணாகரன் தம் கையாலேயே கூலி பிடித்திருக்கிறார்.

மூங்கில் புதரில் முதல் கடப்பாரை விழுந்ததும் வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"ஐயா, கோச்சுக்காதீங்க. கட்டுறதுன்னா கட்டுங்க. ஆனா மூணு முழம் மூணு முழமா வெட்டுங்க. மழை நாளு."

அடுத்த பாகம் நாளைக்கு என்று ஆட்களிடம் சொல்ல வாயெடுத்திருந்த கருணாகரன், அந்தக் குரலைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். பிறகு திறந்தார்.

"இந்த முனையிலேருந்து அந்த முனைவரைக்கும் வெட்டுங்கடா. மூங்கிலையும் சேத்துத் தோண்டுங்க. நாளைக்கே கல்லு ஏறணும்."

முப்பதடி நீளத்துக்கு அடிமண் போனது. இடுப்பளவு ஆழத்தில் சிவப்பு மண் வாய் பிளந்து கிடந்தது. மறுநாள் காலை இரண்டு வரிசைக் கல் ஏறியது. நண்பகலில் வானம் கறுத்தது. கூலியாட்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

மழை ஓங்கிப் பெய்தது. கருணாகரன் அடுப்படி வாசலில் நின்றார். பள்ளத்தில் பாய்ந்தது நேற்றுவரை தெளிந்திருந்த தண்ணீர் அல்ல, செங்குழம்பு. அவருடைய ஓவர்சியர்க் கண் தானாகவே சரிவுக்குப் போனது. பள்ளத்துக்கு மேலே வெட்டாமல் எஞ்சிய புதரில் ஒரு மூங்கில் நுனி, காற்றில்லாத நேரத்தில், மெல்லத் தலை தாழ்த்தியது.

"பாக்கியம்!"

அடுப்பருகே கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மகளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி முன்னறைக்கு இழுத்தார். சந்திரமதி அலறிக்கொண்டு பின்னால் வந்தார். அவர்கள் தெருவில் இறங்கியபோது, பெருமூச்சு விட்டதுபோல் ஓர் ஓசை. மேடு நகர்ந்தது. புதிதாக ஏறிய இரண்டு வரிசைக் கல்லையும் முன்னே தள்ளிக்கொண்டு, குழம்பாய் இருபதடியையும் கடந்து வந்து அடுப்படியை விழுங்கியது. பின்னறையின் பாதிச் சுவர் உள்ளே சாய்ந்து, பாக்கியலட்சுமியின் கட்டில்மேல் படுத்தது.

யாருக்கும் காயமில்லை. மழை சற்றுத் தணிந்ததும் அக்கம்பக்கம் கூடியது. எல்லாருக்கும் முன்னால் சொக்கப்பன் நின்றார். முதல்முறையாக அவர் குரலில் கேலி இல்லை.

"ஓவர்சியரே, நீங்க மனுஷனே இல்ல, தீர்க்கதரிசி. தாஸு வேண்டாம்னான், நீங்க வேணும்னீங்க. விழுந்துச்சா இல்லையா? ரெண்டு நாள் முந்திக் கட்டி முடிச்சிருந்தா நின்னுருக்கும்!"

"படிச்சவரு படிச்சவருதான்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சந்திரமதி கண்ணீரோடு அவர் கையைப் பற்றினார். "நீங்க சொன்னதுதாங்க சரி. நான்தான் அரிசி அரிசின்னு அழுதேன்."

தேவதாஸ் நனைந்த தலையோடு முன்னால் வந்தார். மேட்டைப் பார்த்தார், இடிந்த அறையைப் பார்த்தார், பாக்கியலட்சுமியைப் பார்த்தார். கை குவிந்தது. "தப்பாப் பாத்துட்டேன்யா. என் பேச்சைக் கேட்டிருந்தா... இனிமே யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்."

என்ன இனிமை! கருணாகரன் எத்தனை நாள் ஏங்கிய விருந்து இது! ஊரின் வியப்பு, மனைவியின் வணக்கம், எதிரியின் குவிந்த கை, எல்லாம் ஒரே இலையில் பரிமாறப்பட்டிருந்தன. இடிந்த வீட்டின்முன் நின்றும் அவர் நெஞ்சு நிறைந்தது. ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை; சும்மா நின்றால் போதும். அவர் சும்மா நின்றார்.

"அப்போ என் மேடும் விழும்" என்றார் சொக்கப்பன் திடீரென்று. "அதையும் இவன்தானே நிக்கும்னான்! நாளைக்கே அடியை வெட்டிச் சுவரு எழுப்பணும். பின்னாலதான் பேரப்புள்ளை தொட்டில் கட்டியிருக்கு."

"நானே வந்து வெட்டித் தரேன் செட்டியாரே" என்றார் தேவதாஸ். "காசு வேண்டாம். என் தப்புக்கு."

கருணாகரன் ஓரடி முன்னால் வந்தார்.

"மழை விடட்டும் சொக்கப்பன். இப்ப வேண்டாம்" என்றார்.

"நீங்க மழையிலதானே வெட்டினீங்க?"

"அது வேற."

"என்ன வேற? அதே மேடு, அதே மழை. நீங்க மட்டும் வெட்டலாம், நாங்க வெட்டக் கூடாதா? ஓவர்சியரே, ஊருல நீங்க ஒருத்தர்தான் சுவரு வச்சிருக்கணுமோ?"

கூட்டம் சிரித்தது. கருணாகரன் தேவதாசைப் பார்த்தார். நாளை அந்த மனிதர் சொக்கப்பனின் மேட்டடியில் குனிந்து நிற்பார். அவர் முதுகுக்குப் பின்னால் தொட்டில் ஆடும். தம் கண்ணையே நம்பாமல், கருணாகரனின் பெருமையை நம்பி வெட்டுவார்.

"வெட்டாதே" என்றார். மீண்டும் உரக்கச் சொன்னார். "யாரும் வெட்டாதீங்க. தாஸ் சொன்னதுதான் சரி. என் மேடு நிக்கும். உங்க மேடும் நிக்கும்."

"நிக்குமா? இதோ கிடக்குதே!"

"அடியை நான் எடுத்தேன். அதனால விழுந்துச்சு. வெட்டாம இருந்தா இன்னும் முப்பது வருஷம் நின்னுருக்கும்."

சந்திரமதி பற்றியிருந்த கையை விட்டார்.

"தெரியாம வெட்டிட்டீங்க. அப்படித்தானே?"

பொய் சொல்ல மனைவியே வழி திறந்து கொடுத்தார். கருணாகரன் அந்த வழியை ஒரு கணம் பார்த்தார்.

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

"அவன் வேண்டாம்னான்."

சந்திரமதி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, "வா பாக்கியம், தாஸ் வீட்டுக்குப் போவோம். அங்க சுவரு இருக்கு" என்று நடந்தார். கூட்டமும் மெல்லக் கரைந்தது. சொக்கப்பன் ஏதோ சொல்ல வந்து, ஆயுளில் ஒருமுறையாக, சொல்லாமல் போனார்.

தேவதாஸ் மட்டும் நின்றார். அவர் முகத்தில் வெற்றி இருக்கும் என்று கருணாகரன் நிமிர்ந்து தேடினார். இருந்தால் வெறுக்கலாம். அங்கே இருந்தது, தம் கண் பொய்க்கவில்லை என்று அறிந்த ஒரு தொழிலாளியின் நிம்மதி, வேறொன்றுமில்லை. அந்த நிம்மதியின் மேலும் கருணாகரனுக்குப் பொறாமை வந்தது. அது தம் கண்ணிலும் இருந்ததுதானே? மேட்டின் உச்சியில் நின்ற அந்தக் காலையில், ஒரு நாழிகை நேரம், அவரிடமும் இருந்ததுதானே?

"பாதி மண்ணு இன்னும் மேல தொங்குது" என்றார் தேவதாஸ், சரிவைப் பார்த்தபடி. "இனிமே இந்த வீட்டுக்குச் சுவரு வேணும். இப்ப மேல தண்ணியத் திருப்பிட்டு, அடியில கல்லை அடைச்சு வைக்கணும். ஒருத்தர் மேல நின்னு வெடிப்பைப் பாக்கணும். ஒருத்தர் கீழே குனியணும். ஐயா மேல நில்லுங்க."

கருணாகரன் சேற்றில் புதைந்திருந்த கடப்பாரையை இழுத்தார். அது எளிதில் வரவில்லை.

"உன் கண்ணு மேல இருக்கட்டும்" என்றார். "கீழே நான் குனியுறேன்."

தேவதாஸ் மேடேறினார். கருணாகரன் தாம் வெட்டிய பள்ளத்தில் இறங்கி, முதல் கல்லைச் சேற்றுக்குள் துழாவினார்.